அலன் வோக்கரின் தொலைபேசியும் எமது மௌனமும்

மெதடிஸ்த என்ற சொல்லைக் கேட்டதும் எமது மக்களிற் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது தேவாலயம் அன்று, பள்ளிக்கூடமே. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஆம் ஆண்டிலும் யாழ். மத்திய கல்லூரி 1816ஆம் ஆண்டிலும் தோன்றியவை. வேம்படியும் பருத்தித்துறை ஹாட்லியும் அதே சபையாரின் உழைப்பால் எழுந்தவையே. நெற்றியில் திருநீற்றுடன் இக்கல்லூரிகளின் வாயில்களைக் கடந்த தலைமுறைகள் பல. அவ்வாறு கற்றவர்களில் ஒரு பகுதியினர் இன்று சிட்னியிலும் மெல்பேணிலும் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, ஆண்டுக்கு ஒரு தடவை இராப்போசன விருந்தில் கூடிக் கல்லூரிக் கீதம் இசைத்துக் கலைகின்றனர்.

அந்த விருந்துகளில் எவரும் நினைவுகூராத மெதடிஸ்தர் ஒருவரைப் பற்றியே இன்று எழுத விழைகின்றோம். அவர் யாழ்ப்பாணம் வந்து கல்லூரி கட்டிய வெள்ளைக்காரர் அல்லர். நாம் வந்து குடியேறிய இதே சிட்னி நகரின் மைந்தர். பெயர் அலன் வோக்கர். 1911ஆம் ஆண்டு பிறந்து 2003ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தவர். அவருடைய பெயரை நாம் அறியோம். ஆனால் அவர் விட்டுச் சென்ற தொலைபேசிச் சேவையின் இலக்கத்தை ரயில் நிலையங்களிலும் வைத்தியசாலைச் சுவர்களிலும் நாள்தோறும் கடந்து செல்கின்றோம். லைஃப்லைன் என்னும் அச்சேவை அவர் ஆரம்பித்தது.

மெதடிஸ்த போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த வோக்கர் தாமும் போதகரானார். 1939ஆம் ஆண்டில் ஹன்டர் பள்ளத்தாக்கிலுள்ள செஸ்நொக் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊருக்கு அனுப்பப்பட்டார். பொருளாதார வீழ்ச்சியின் வடு ஆறாத ஊர் அது. சுரங்கத் தொழிலாளர் கோவிற் பக்கம் எட்டியும் பாராத ஊர். அங்கே அவர் செய்த காரியம் எமது கவனத்துக்குரியது. பிரசங்க மேடையில் நின்று மக்களைக் கடிந்துகொள்வதற்கு முன்னர், அந்த மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர், என்ன உண்கின்றனர், ஓய்வு வேளையில் என்ன செய்கின்றனர், சபையைப் பற்றி என்ன நினைக்கின்றனர் என்பதை ஆராயப் புகுந்தார். அந்த ஆய்வு ‘கோல்டவுன்’ என்னும் பெயரில் 1945ஆம் ஆண்டு நூலாகியது. கற்பிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொள்ள அமர்ந்தார். அவரைக் கல்வியாளர் என்று நாம் அழைப்பதற்கு, பின்னாளில் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தமையையும், முதுமையில் சிட்னியில் இறைபணிக் கல்லூரியொன்றின் முதல் அதிபராக அமர்ந்தமையையும் விட இதுவே வலுவான காரணம் என்பது எமது எண்ணம்.

1944 முதல் பத்தாண்டுகள் சிட்னி வேவர்லியில் பணி. 1949இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்குச் சென்ற அவுஸ்திரேலியத் தூதுக்குழுவில் ஆலோசகர். 1953இல் ஆரம்பமான நாடு தழுவிய மெதடிஸ்த பிரசார இயக்கத்தின் தலைமைப் பேச்சாளர். இவற்றையெல்லாம் விரித்தெழுத இடமில்லை. ஒன்றை மாத்திரம் குறிப்பிட்டாக வேண்டும். வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை இந்நாட்டின் இரு பெரும் கட்சிகளும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட வேதமாக இருந்த 1940களிலேயே, அது தவறு என்று வெளிப்படையாகப் பேசியவர்களுள் வோக்கரும் ஒருவர். 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வேண்டாதவரைத் திருப்பியனுப்ப ஏதேனுமோர் ஐரோப்பிய மொழியிற் சொல்வதெழுதல் பரீட்சை வைக்கும் வழக்கம் இருந்தது. ஆங்கிலத்திற் புலமை பெற்ற ஆசியரையும் அவர் அறியாத வேறொரு மொழியில் எழுதச் சொல்லி வீழ்த்த முடியும். அப்பரீட்சை 1958இல் ஒழிந்தது. நிறபேதத்தின் எஞ்சிய பகுதி 1973இல் நீங்கியது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் எம்மவர் இங்கு வந்திறங்கியபோது கதவு திறந்திருந்தது என்றால், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்வரை அக்கதவு எமது நிறத்தவர்க்குச் சாத்தப்பட்டிருந்தது என்பதையும், அதைத் தள்ளித் திறந்தவர்களுள் எமது பெயரறியாத போதகர்களும் இருந்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

இனி, அந்தத் தொலைபேசிக்கு வருவோம்.

1958ஆம் ஆண்டில் வோக்கர் சிட்னி நகர மத்தியிலுள்ள மத்திய மெதடிஸ்த மிஷனின் பொறுப்பை ஏற்றார். அடுத்த இருபதாண்டுகள் அப்பணியிலேயே கழிந்தன. அக்காலத்தில் ஒரு நாள், மனமுடைந்த மனிதர் ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். வோக்கர் கேட்டார், பேசினார். மூன்று நாட்களின் பின்னர் அம்மனிதர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒரு போதகர் இத்தகைய நிகழ்வின் பின் என்ன செய்வார்? செபிப்பார், அடக்க ஆராதனை நடத்துவார், ஞாயிறன்று உருக்கமாகப் பேசுவார். வோக்கர் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய நகரில் எத்தனை பேர் இவ்வாறு தனிமையில் இருக்கின்றனர்? அவர்கள் எல்லாருக்கும் ஒரு போதகரின் ஒரு தொலைபேசி போதுமா? லண்டனில் சாட் வரா என்னும் அங்கிலிக்கன் குருவானவர் 1953ஆம் ஆண்டிலேயே சமாரித்தன்ஸ் என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியிருந்தார். சிட்னிக்கும் அவ்வாறான ஒன்று வேண்டும் என்று வோக்கர் முடிவு செய்தார். 1963ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் திகதி லைஃப்லைன் தொடங்கியது. முதல் நாளிலேயே நூற்றுக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்தன. இன்று இந்நாடெங்கும் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் அதனை நாடுகின்றனர்.

இங்கேதான் கல்வியாளர் வோக்கரை நாம் மீண்டும் காண்கின்றோம். அந்தத் தொலைபேசிகளின் முன் அமர்ந்தவர்கள் மருத்துவர்களோ உளவியல் அறிஞர்களோ அல்லர். எழுதுவினைஞர், இல்லத்தரசி, ஆசிரியர், ஓய்வுபெற்றவர் எனச் சாதாரண மனிதர். ஆனால் மணியடித்ததும் எடுத்துப் பேச எவரும் வந்து அமர்ந்துவிட முடியாது. முறையான பயிற்சி பெற்றாக வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே விதி. குறுக்கிடாமற் கேட்பது, அதிர்ச்சியைக் குரலிற் காட்டாமல் இருப்பது, தீர்ப்பு வழங்காதிருப்பது, கேட்டதை வெளியில் சொல்லாதிருப்பது. இவை பிறவிக் குணங்கள் அல்ல, பயிலத்தக்க கலை. எமது ஊரில் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் போதிக்கக் கல்லூரி கட்டிய அதே சபையின் பிள்ளை, கேட்கும் கலையைப் போதிக்க ஒரு பள்ளி கட்டினார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு.

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துக்கும் 2014ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கும் இடையிற் படகில் வந்த ஏறத்தாழ முப்பதாயிரம் பேரை அவுஸ்திரேலிய அரசு தனியொரு வகுதியாக வைத்தது. அவர்களுள் எம்மவரும் கணிசமானோர். 2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி அவர்களது விண்ணப்பங்கள் ‘துரித’ முறையில் விசாரிக்கப்படும் என்றனர். துரிதம் என்பது பெயரில் மாத்திரமே. ஆண்டுக்கணக்காக விண்ணப்பிக்கவே அனுமதிக்கப்படாதிருந்து, பின்னர் விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு, நேரில் அழைத்துக் கேட்காமலே பெரும்பாலும் கோப்புகளைக் கொண்டே தீர்ப்பளிக்கும் மேன்முறையீட்டு மன்றத்தில் மீண்டும் நிராகரிக்கப்பட்டவர் பலர். 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு வீசா வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறந்தது. அந்நாளில் பலர் வீட்டில் விளக்கேற்றினர். ஆயின், ஏற்கனவே நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அந்த வழியின் வெளியிலேயே விடப்பட்டனர். அந்த மேன்முறையீட்டு மன்றம் 2024இல் கலைக்கப்பட்டது. அது வழங்கிய தீர்ப்புகள் கலையவில்லை. பிரிட்ஜிங் வீசாவிலும், அதுவும் இன்றியும், சிலர் வேலை செய்யும் உரிமை இல்லாமலும் மருத்துவ அட்டை இல்லாமலும் பத்தாண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கின்றனர். பிள்ளையாக வந்தவர் இளைஞராகி விட்டார். இளைஞராக வந்தவருக்குத் தலை நரைத்து விட்டது.

2014ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் விக்டோரியா மாநிலத்தில் புகலிடம் கோரிய இளந்தமிழர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளை எமது மக்கள் அனைவரும் படித்தனர். மாலை அணிவித்த படங்கள், மெழுகுவர்த்திகள், உரைகள். உரையாற்றியோரின் துயரத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அந்த மேடைகளில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் நள்ளிரவில் யாரை அழைத்திருக்க முடியும்? அழைத்திருந்தால் தமிழில் எடுப்பார் எவரேனும் இருந்தனரா?

தாயிருக்கிறாளே, தமையன் இருக்கிறானே என்று சொல்வோர் எமது குடும்பங்களை அறியாதோர். வவுனியாவிலிருந்து தாய் அழைப்பாள். “என்னப்பு, சாப்பிட்டியே?” என்பாள். “ஓமம்மா, நான் நல்லா இருக்கிறன்” என்பான் மகன். காணி ஈடு வைத்து, நகை விற்று அனுப்பிய தாயிடம் வேறென்ன சொல்வான்? அறையில் கூட இருப்பவனிடமும் சொல்ல மாட்டான். அவனுக்கும் அதே நிலைமை. கோவிலில் சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுதும் தெரிந்துவிடும். மானம் போய்விடும், தங்கைக்குப் பேசிய சம்பந்தம் குலைந்துவிடும். ‘மனவருத்தம்’ என்ற சொல்லை உடல்நோய்க்கு ஒப்பாகச் சொல்ல நாம் இன்னும் பழகவில்லை. ‘விசர்’ என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுவதே எமது வழக்கம்.

இது வெள்ளைக்காரரின் பழக்கம், எமக்கு ஒவ்வாது என்ற வாதமும் உண்டு. அதனை நாம் ஏற்பதற்கில்லை. இலங்கையில் சுமித்திரயோ என்னும் அமைப்பு 1974ஆம் ஆண்டு முதலே இப்பணியைச் செய்து வருகின்றது. யாழ்ப்பாணத்தில், செல்வீச்சுக்கும் இடம்பெயர்வுக்கும் நடுவில், 1980களின் பிற்பகுதியில் சாந்திகம் என்னும் உளவளத்துணை நிலையம் எழுந்தது. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ‘மன வடு’ என்னும் நூலைத் தமிழில் எழுதியதும் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே. மின்சாரமும் மருந்தும் இன்றி, பொருளாதாரத் தடையின் கீழிருந்த ஒரு குடாநாட்டிற் பள்ளி ஆசிரியர்களையும் இளைஞர்களையும் அமர்த்திக் கேட்கும் கலையைக் கற்பித்த சமூகம் நாம். மூன்று கார் நிறுத்த இடமுள்ள வீடுகளில் வாழும்போது அது எமக்கு இயலாதென்றால் நகைப்புக்கிடம்.

மற்றொரு மறுப்பு இதனினும் கனமானது. புகலிடம் கோருவோருக்கு வேண்டியது வீசாவே அன்றி ஆறுதல் வார்த்தை அன்று என்பர். பசித்தவனுக்குப் பாட்டுப் பாடுவதா என்றும் கேட்பர். இதிற் பாதி உண்மை. நிச்சயமின்மையே நோயாக இருக்கும்போது, அதற்குக் காரணமான சட்டத்தைத் தொடாமல் மனத்தை மாத்திரம் தடவிக் கொடுப்பது கண்துடைப்பு ஆகலாம். ஆனால் வோக்கரின் வாழ்வு இதற்கே விடையாக அமைகின்றது. தொலைபேசியை எடுத்த அதே மனிதர், வியட்நாம் போருக்கு இளைஞர்களைச் சீட்டுக் குலுக்கி அனுப்பிய அரசை எதிர்த்துப் பேசினார். தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியைக் கண்டித்தார். போருக்கு ஆதரவு பெருகியிருந்த நாட்களில், தேவாலயத்தில் அரசியல் பேசுகிறார் என்று சபைக்குள்ளிருந்தே அவர்மீது குறை சொன்னவர் உண்டு. இன்னொரு புறத்தில், மனந்திரும்புதலைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறார் என்று முற்போக்காளர் முகஞ்சுளித்தனர். இரு சாராரையும் அவர் திருப்திப்படுத்தவில்லை. (1981இல் அரச பட்டம் பெற்று ‘சேர்’ ஆனார் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். எதிர்த்துப் பேசியவர்க்கும் பட்டம் வழங்கும் நாடு இது என்பது ஒருவகையில் ஆறுதல்.) கேட்கும் செவியும் பேசும் வாயும் ஒரே மனிதரிடம் இருக்கலாம் என்பதை அவர் நடந்து காட்டினார். இரவில் அழுகையைக் கேட்டவருக்கே பகலில் அமைச்சரிடம் பேசுவதற்கு உரிய செய்தி கிடைக்கின்றது.

அவர் காலத்தவரான யாழ்ப்பாணத்து மெதடிஸ்தர் ஒருவரை ஈண்டு நினைவுகூர்வதும் பொருத்தமே. 1908இல் தெல்லிப்பழையில் பிறந்த டி. ரி. நைல்ஸ் யாழ். மத்திய கல்லூரியின் அதிபராகவும், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் இருந்தவர். 1968இல் சுவீடனின் உப்சாலா நகரிற் கூடிய மாநாட்டில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றவிருந்த ஆரம்பப் பிரசங்கத்தை, கிங் கொலையுண்டமையால், நைல்ஸ் நிகழ்த்தினார். உலக அரங்கில் நின்றபோதும் ஊரிலுள்ள சபையின் பணியையும் அவர் விடவில்லை. எமது மண்ணிலும் இத்தகையோர் இருந்தனர் என்பதற்காகவே இதைச் சொல்கின்றோம்.

எமது சங்கங்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதையும் வெளிப்படையாகவே பேசிவிடுவோம். விமானத்தில் வந்தவர், படகில் வந்தவர் என்ற கோடு எமக்குள்ளேயே கீறப்பட்டுள்ளது. ஊரிற் சாதி பார்த்த அதே கண் இங்கு வீசாவைப் பார்க்கின்றது. வென்ட்வேர்த்வில்லிலும் கிளென் வேவர்லியிலும் வசதியாக வாழ்வோர்க்கு, டன்டினோங்கிலும் ஓபர்னிலும் ஓர் அறையில் நால்வராகப் படுப்போர் வேலைக்கு ஆள் தேவைப்படும்போது மாத்திரம் உறவினர் ஆகின்றனர். தோட்டம் வெட்ட, மண்டபம் கூட்ட, திருவிழாவில் தேர் இழுக்க அவர்கள் வேண்டும். நிர்வாக சபையில் அவர்களுக்கு இடமில்லை. எல்லாரையும் இவ்வாறு சொல்லவில்லை. வழக்கறிஞர் செலவை மௌனமாகக் கட்டியவர்களையும், ஆண்டுக்கணக்கில் தம் வீட்டில் இடம் கொடுத்தவர்களையும் நாம் அறிவோம். அவர்கள் தனித்தனியாகச் செய்ததைச் சமூகமாகச் செய்ய நாம் தயங்குகின்றோம்.

ஆகவே எமது யோசனை இது. சிட்னி, மெல்பேண் நகரங்களிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள், கோவில்கள், தேவாலயங்கள், தமிழ்ப் பாடசாலைகள் ஒன்றுகூடி, தமிழில் இராவேளைத் தொலைபேசிச் சேவையொன்றை நிறுவ வேண்டும். மெதடிஸ்தக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் இதில் முன்னிற்பது நன்று; கடன் அவர்களுக்குச் சற்று அதிகம். ஓய்வுபெற்ற ஆசிரியர், தாதியர், மருத்துவர் எம்மிடையே ஏராளம். நல்ல மனம் மாத்திரம் போதாது, பயிற்சி வேண்டும் என்ற வோக்கரின் விதியை மீறக்கூடாது. சித்திரவதைக்கும் போரின் பாதிப்புக்கும் உள்ளானோருக்கு உதவும் நிலையங்கள் இரு மாநிலங்களிலும் நெடுங்காலமாக உள்ளன. மெல்பேணில் ஃபவுண்டேஷன் ஹவுஸ் 1987இலும் சிட்னியில் ஸ்டார்ட்ஸ் 1988இலும் தொடங்கப்பட்டவை. அவர்களிடம் சென்று கற்கலாம், வழிகாட்டலும் கேட்கலாம்.

ஊர் வாய்க்கு அஞ்சும் எமது மக்களின் தயக்கத்துக்கும் ஒரு வழி உண்டு. மெல்பேணிலிருந்து வரும் அழைப்பைச் சிட்னியில் இருப்பவர் எடுக்கட்டும்; சிட்னியின் அழைப்பை மெல்பேண் எடுக்கட்டும். அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை, எந்த ஊர் என்று எவரும் கேட்கவும் கூடாது. ‘எந்த ஊர், ஆற்றை மகன்’ என்று கேட்காமல் ஒரு தமிழரோடு பத்து நிமிடம் உரையாடுவது எமக்கு எவ்வளவு கடினம் என்பதை எண்ணினாலே, பயிற்சி ஏன் தேவை என்பது விளங்கும். மேலும், எமது சிதறலே இங்கு எமக்குத் துணை செய்யும். மெல்பேணில் நள்ளிரவாகும்போது ரொறன்ரோவில் காலைப்பொழுது, லண்டனில் பிற்பகல். தூக்கத்தைக் கெடுக்காமலே அங்குள்ள எம்மவர் இங்குள்ள இரவைப் பகிர்ந்துகொள்ளலாம். இதற்கு வேண்டிய பணம், ஓர் ஆண்டு விருந்துக்கு அமர்த்தும் மண்டபத்தின் வாடகையோடு ஒப்பிட முடியாத அளவுக்குப் பெரிதாக இராது. எதிர்வரும் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் எவரேனும் ஒருவர் எழுந்து இதனைப் பிரேரணையாக முன்வைக்கட்டும். எதிர்ப்போர் காரணத்தைக் கூட்டக் குறிப்பில் பதியட்டும்.

அதுவரை எமது இளைஞர்களின் கைத்தொலைபேசிகளில் இரண்டு இலக்கங்கள் இருக்க வேண்டும். லைஃப்லைன் 13 11 14. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அது அரச திணைக்களம் அன்று, தொண்டு நிறுவனம். ஆங்கிலம் பேசத் தயங்குவோர் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை இலக்கத்தை அழைத்து, “தமிழ்” என்று ஒரு சொல் சொன்னால் போதும். மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வந்ததும், 13 11 14க்குத் தொடுக்கும்படி கேட்கலாம்.